பின்கோடு கணக்கு

பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்த்தேன். மகளின் எல்.கே.ஜி. ஆண்டு விழா வீடியோ, யாருடையதோ பி.எஃப். படிவம், அப்புறம் 2010-ல் நான் போட்ட ஓர் எக்செல் ஷீட். பெயர் 'ஆப்ஷன்ஸ் ஃபைனல் ஃபைனல் 2'. ஒரு வெளிநாட்டுக் கம்பெனி சென்னையில் எங்கே ஆபீஸ் போடுவது என்று முடிவெடுத்த ஷீட் அது. ஒரு டீ ஆறிப்போகும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கம்பெனியின் பெயர் வேண்டாம். அவர்கள் ஊர்க் கணக்கு, பில், பேரோல் எல்லாவற்றையும் இங்கே உட்கார்ந்து முடித்துக் கொடுக்கிற அறுநூறு பேர் ஆபீஸ் என்பது போதும். நான் அங்கே ட்ரான்ஸ்போர்ட் டெஸ்கில் சேர்ந்து, பிறகு அட்மின் மேனேஜர் ஆனவன். கேப் ரோஸ்டர் போடுவது, பவர் பேக்கப், கேன்டீன் சண்டை, ஏசி ரொம்பக் குளிர்கிறது என்று ஒருவரும், போதவில்லை என்று பக்கத்து இருக்கைக்காரரும் ஒரே நேரத்தில் அனுப்புகிற மெயில், இதெல்லாம்தான் என் வேலை. எம்.பி.ஏ. படித்தவர்கள் இடத்தேர்வு, உத்தி என்றெல்லாம் பேசுவார்கள். எனக்குத் தெரிந்தது யார் எத்தனை மணிக்கு எங்கே வண்டி ஏறினார்கள் என்பது மட்டும்தான். ஆனால் ஒரு கம்பெனி ஒரு நகரத்தில் நன்றாக ஓடுமா ஓடாதா என்பது அதிலேயே பாதி தெரிந்துவிடும் என்பது என் எண்ணம்.

முதலில் கிண்டியில் இருந்தோம். பழைய கட்டடம், பார்க்கிங் கிடையாது, லிஃப்ட் வாரம் ஒரு முறை மூச்சு விடும். ஆனால் வடக்கே பெரம்பூரிலிருந்தும் தெற்கே தாம்பரத்திலிருந்தும் மேற்கே போரூரிலிருந்தும் ஆள் வரும். மின்சார ரயிலில் இறங்கி நடந்தே வருபவர்கள் ஏராளம். வாசலில் ஒரு டீக்கடை. பக்கத்துக் கம்பெனி ஆட்களும் அங்கேதான் நிற்பார்கள். எந்தக் கம்பெனி ஆள் எடுக்கிறது, எந்த சாஃப்ட்வேருக்கு மாறுகிறார்கள், எந்த மேனேஜரிடம் மாட்டக்கூடாது என்ற தகவல் எல்லாம் அங்கேதான் கிடைக்கும். எங்களுக்கு ஆள் வந்ததும் அந்த டீக்கடையால்தான், போனதும் அந்த டீக்கடையால்தான். ஆள் போவதுதான் ஹெச்.ஆர். கண்ணுக்குத் தெரிந்தது, வருவது தெரியவில்லை.

சரி, அப்படியிருக்க ஏன் வேறு இடம் தேடினார்கள்? வாடகை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். வாடகையும்தான், ஆனால் அதற்கு முன்னால் வரி இருந்தது. எஸ்.டி.பி.ஐ. என்கிற மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காத் திட்டத்தில் பதிவு செய்த கம்பெனிகளுக்கு ஏற்றுமதி லாபத்தின் மீது இருந்த வருமான வரி விலக்கு 2011 மார்ச் 31-உடன் முடிந்தது. சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குள், நாங்கள் எல்லோரும் செஸ் என்று சொல்வது, புதிதாக யூனிட் போட்டால் முதல் 5 வருஷத்துக்கு லாபத்தில் முழு விலக்கு, அடுத்த 5 வருஷத்துக்குப் பாதி. இதை வைத்துத்தான் அந்த இரண்டு மூன்று வருஷம் சென்னை ஐ.டி. வரைபடமே மாறியது. சிறுசேரி, சோழிங்கநல்லூர், தரமணி, மணப்பாக்கம், மஹிந்திரா சிட்டி, எங்கெல்லாம் செஸ் இருந்ததோ அங்கெல்லாம் கண்ணாடிக் கட்டடம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பழைய யூனிட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போய் செஸ்ஸில் வைத்துவிட்டு விலக்கு கேட்க முடியாது. பழைய தொழிலைப் பிரித்து உண்டாக்கியதாக இருக்கக்கூடாது, பழைய எந்திரங்கள் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதனால் புது வேலை, புது மேஜை, புது கம்ப்யூட்டர் என்று, நகரத்தின் தெற்குக் கோடியில் இருக்கிற சிறுசேரியில் தனியாகத் தொடங்கி, கிண்டியில் குத்தகை முடிய முடிய அங்கே ஆளைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். லேப்டாப்பை கேட்டில் எழுதி வைத்துவிட்டுத்தான் உள்ளே வெளியே போக முடியும். அந்தப் பதிவேட்டோடு நான் பட்ட பாட்டுக்குத் தனிப் பதிவே போடலாம்.

என் ஷீட்டில் ஐந்து இடங்கள் இருந்தன. சதுரடி வாடகை, பராமரிப்புக் கட்டணம், வரி, மின்சாரம், பார்க்கிங், ஏர்போர்ட்டிலிருந்து தூரம், 'பக்கத்தில் யார் இருக்கிறார்கள்' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நெடுவரிசை. இந்தக் கடைசி நெடுவரிசையைச் சேர்க்கச் சொன்னது பிராபர்ட்டி கன்சல்டன்ட். வெளிநாட்டிலிருந்து வருகிறவருக்கு ஊர் தெரியாது, வேறு எந்தெந்த வெளிநாட்டுக் கம்பெனி அங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் தைரியம் வரும், முன்னால் போன ஆடு பள்ளத்தில் விழவில்லை என்றால் நாமும் போகலாம் என்கிற கணக்கு. அதில் தப்பில்லை, புது ஊரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வோம். ஆனால் சிறுசேரியில் டி.சி.எஸ். இருக்கிறது என்பதற்கு அந்த நெடுவரிசையில் முழு மதிப்பெண் போட்டார்கள் பாருங்கள், அங்கேதான் இடறியது. 20 ஆயிரம் பேருக்கு மேல் உட்காரக் கட்டிய வளாகம் அது. அவர்களுக்கு நகரத்தின் எந்த மூலைக்கும் பஸ் விட்டால் பஸ் நிரம்பும். அறுநூறு பேர் கம்பெனிக்கு ஆவடியிலிருந்து ஒரு சுமோகூட நிரம்பாது.

நானாக ஒரு நெடுவரிசை சேர்த்தேன். ஹெச்.ஆரிடமிருந்து எல்லோருடைய பின்கோடையும் வாங்கி, எந்த இடத்துக்கு யாருக்கு எவ்வளவு நேரம் என்று. 600011 பெரம்பூர், 600099 கொளத்தூர், 600049 வில்லிவாக்கம், 600053 அம்பத்தூர், 600054 ஆவடி, எல்லாம் நகரத்தின் வடக்கு, வடமேற்குப் பக்கம். எங்கள் ஆட்களில் மூன்றில் ஒரு பங்கு இந்த ஐந்தாறு எண்களுக்குள் இருந்தது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. கிண்டியில் இருந்தபோது அவர்களுக்கு வந்துபோவது முடிந்தது, அவர்கள் தெருக்காரர்களையும் சொந்தக்காரர்களையும் சேர்த்துவிட்டார்கள், அவ்வளவுதான். ஷீட்டைப் பார்த்த என் மேலதிகாரி, "இது எதுக்கு? நாமதான் கேப் விடறோமே" என்றார். "கேப் விட்டாலும் தூரம் அப்படியேதானே சார் இருக்கும்" என்றேன். சிரித்தார். அந்த நெடுவரிசை 'ஃபைனல் 1'-ல் இருந்தது, 'ஃபைனல் 2'-ல் இல்லை.

வெளிநாட்டிலிருந்து மூன்று பேர் இடம் பார்க்க வந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு கிண்டி ஹோட்டலிலிருந்து அழைத்துப் போனோம். மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை இருபது கிலோமீட்டர் ஆறு வழிச்சாலை, ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலை, 2008-ல் திறந்தது, அப்போது இன்னும் புது மெருகு போகவில்லை. வழியெல்லாம் சிக்னல் பச்சை. முப்பத்தைந்து நிமிஷத்தில் போய்ச் சேர்ந்துவிட்டோம். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டார். முன் சீட்டில் உட்கார்ந்திருந்த நான் வாயைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை கூட்டிப் போயிருந்தால் இந்தப் பதிவே இருந்திருக்காது.

2011-ல் போனோம். மதியம் இரண்டு மணி ஷிப்டுக்கு ஒரு வண்டியின் ரோஸ்டர் இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. ஆவடி 10.40, அம்பத்தூர் 11, வில்லிவாக்கம் 11.20, அண்ணா நகர் 11.35. பிறகு வடபழனி, கிண்டி, மத்திய கைலாஷ், அங்கிருந்து ஓ.எம்.ஆர். சிக்னல்களில் ஒவ்வொன்றாக நின்று நின்று 1.45-க்கு உள்ளே. ராத்திரி பதினொன்றுக்கு ஷிப்ட் முடிந்தால் கடைசியாக இறங்குகிறவர் வீடு சேர ஒரு மணி. கடைசியில் இறங்குவது பெண் என்றால் எஸ்கார்ட் ஒருவர் கூடப் போக வேண்டும், அவருக்கு ஒரு சீட். வில்லிவாக்கத்தில் ஏறும் ஒரு அக்கா, இரண்டு குழந்தைகள், பேரோலில் அவரைப் போல வேலை தெரிந்தவர் கிடையாது, ஒரு தப்பு விழாது. வண்டியில் ஏறியதும் டிபன் டப்பாவைத் திறந்து சாப்பிடுவார், ஏனென்றால் வீட்டில் சாப்பிட நேரம் இருந்திருக்காது. ஐந்து மாதம் வந்தார். அப்புறம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனிக்கு, மாதம் நாலாயிரம் குறைவான சம்பளத்துக்குப் போய்விட்டார்.

அவர் போனதைவிட என்னை உறுத்தியது வேறு. வேலையை விடுகிறவர்கள் நிரப்பும் படிவம் ஒன்று உண்டு. ஏன் போகிறீர்கள் என்ற கேள்விக்கு ஆறேழு பதில் கொடுத்திருப்பார்கள், ஒன்றில் டிக் போட வேண்டும். மேற்படிப்பு, உடல்நலம், திருமணம், 'நல்ல வாய்ப்பு', சம்பளம் என்று போகும். தூரம் என்று ஒன்று அதில் இல்லை. எல்லோரும் 'நல்ல வாய்ப்பு' என்பதில் டிக் போட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் படிவங்களையெல்லாம் கூட்டிப் பார்த்த தலைமை அலுவலகம், சென்னையில் போட்டிக் கம்பெனிகள் அதிகச் சம்பளம் கொடுக்கின்றன போலிருக்கிறது என்று முடிவு செய்து அடுத்த வருஷம் சம்பளத்தைக் கூட்டியது. கூட்டியும் ஆள் நிற்கவில்லை. வாடகையில் மிச்சம் பிடித்தது கேப் பில்லிலும் சம்பளத்திலும், புது ஆளுக்குச் சொல்லிக் கொடுக்கிற மூன்று மூன்று மாதத்திலும் போயிற்று. வாடகை ஒரு தலைப்பில், கேப் இன்னொரு தலைப்பில், பயிற்சி மூன்றாவது தலைப்பில், மூன்றையும் ஒரே தாளில் யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், ஆனால் அட்மின் ஆளை யார் கேட்கிறார்கள்.

இன்னொன்றும் நடந்தது, மெதுவாக. வடக்கே இருந்தவர்கள் போகப் போக அந்த நாற்காலிகளில் காலேஜ் முடித்த பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். விருதுநகர், திருநெல்வேலி, நெல்லூர் பக்கத்துப் பிள்ளைகள். பக்கத்திலேயே நாவலூரிலும் படூரிலும் பி.ஜி. விடுதியில் தங்கி, ஷேர் ஆட்டோவில் பத்து நிமிஷத்தில் வந்துவிடுவார்கள். சுறுசுறுப்பான பிள்ளைகள்தான். ஆனால் இரண்டு வருஷத்தில் கல்யாணம், அல்லது பெங்களூர். கிண்டி ஆபீஸின் சராசரி வயது முப்பத்தைந்து இருந்திருக்கும், சிறுசேரியில் இருபத்து நாலு. இளைஞர்களை எடுப்போம் என்று யாரும் கொள்கை முடிவெல்லாம் எடுக்கவில்லை. சிறுசேரிக்கு யாரால் வர முடிந்ததோ அவர்கள் வந்தார்கள். சிக்கலான வேலையெல்லாம் இங்கே அனுப்பலாம் என்று இருந்த தலைமை அலுவலகம், 'அனுபவசாலிகள் போதவில்லை' என்று அவற்றை வேறு நாட்டுக்குத் திருப்பிவிட்டது. அதற்கும் ஒரு காரணம் எழுதினார்கள், அதிலும் தூரம் இல்லை.

நாங்கள் மட்டும்தான் இப்படியா என்றால் இல்லை. லண்டனில் ஹெச்எஸ்பிசி வங்கி 2002-ல் பழைய நகர மையத்தை விட்டு, கிழக்கே கேனரி வார்ஃபில் 45 மாடிக் கோபுரத்துக்குப் போனது. 2023-ல், திரும்பவும் பழைய மையத்தில் செயின்ட் பால்ஸ் தேவாலயத்துக்குப் பக்கத்தில் சின்ன இடத்துக்கே வருகிறோம் என்று அறிவித்தது. பிறகு அங்கே இடம் போதாது என்று கேனரி வார்ஃபிலேயே இன்னொரு கட்டடத்தில் இடம் பிடித்திருக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். அவ்வளவு பெரிய வங்கிக்கே இந்தக் கணக்கு ஒரே தடவையில் வரவில்லை.

ஃபோர்டையும் சொல்லலாம். 1990-களில் மறைமலை நகரில் கார் ஆலை போட்டார்கள். ஆலைக்கு நிலம் வேண்டும், நெடுஞ்சாலை வேண்டும், துறைமுகம் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஆள் பஸ்ஸில் வந்துவிடுவார்கள். இங்கே கார் தயாரிப்பதை நிறுத்துகிறோம் என்று 2021 செப்டம்பரில் அறிவித்தார்கள், அடுத்த ஆண்டு ஆலை ஓய்ந்தது. ஆனால் ஓ.எம்.ஆரில் அவர்களுடைய பொறியியல், கணக்கு, ஐ.டி. வேலை பார்த்த ஆபீஸ் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது, ஆயிரக்கணக்கானவர்களோடு. பிறகு 2024-ல் ஏற்றுமதிக்காக ஆலையைத் திரும்பத் திறப்போம் என்றார்கள். ஆலையின் கதைக்கு விற்பனை, போட்டி என்று நூறு காரணம் உண்டு, அதற்குள் போகவில்லை. நான் சொல்ல வருவது இதுதான்: ஒரே கம்பெனி, ஒரே ஊர், ஆனால் ஆலைக்குப் பார்க்க வேண்டிய இடம் வேறு, ஆபீஸுக்குப் பார்க்க வேண்டிய இடம் வேறு. ஆபீஸ் என்பது ஆள்தான், வேறு ஒன்றுமில்லை. எங்கள் ஷீட்டோ ஆலைக்கு இடம் பார்ப்பது போல இருந்தது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் இது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. அவசர காலத் திட்டம் என்று தடியாக ஒரு ஃபைல் வைத்திருந்தோம். ஜெனரேட்டர், டீசல், இரண்டு இணைய இணைப்பு, சர்வர் அறைக்கு மேடை, எல்லாம் சரியாக இருந்தது. டிசம்பர் 1 ராத்திரி அடையாறு பொங்கியது, விமான நிலையம் மூடப்பட்டு டிசம்பர் 6 வரை விமானம் இல்லை. எங்கள் கட்டடத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. விளக்கு எரிந்தது, ஏசி ஓடியது. ஆள்தான் இல்லை. வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் கோட்டூர்புரத்திலும் ஆட்கள் மொட்டை மாடியில் இருந்தார்கள், போனும் போகவில்லை. மாதக் கணக்கு முடிக்கிற வாரம் வேறு. பி.ஜி. பிள்ளைகளில் கிடைத்தவர்களை இரண்டு ஆம்னி பஸ்ஸில் ஏற்றி பெங்களூர் அவுட்டர் ரிங் ரோடு ஆபீஸுக்கு அனுப்பினோம். போர்வை வாங்கிக் கொடுத்தது நான்தான்.

அதற்கப்புறம் கொஞ்ச நாள், சென்னை ஆபத்து, பெங்களூருக்கே மாற்றிவிடலாம் என்று பேச்சு ஓடியது. 2022-ல் அதே அவுட்டர் ரிங் ரோடு தண்ணீரில் மிதந்தது, டிராக்டரில் ஏறி ஆபீஸ் போனவர்களின் படம் எல்லோர் போனிலும் வந்தது. ஆகஸ்ட் 30 அன்று ஒரே நாளில் ஊழியர்கள் ஐந்து மணி நேரம் சாலையில் மாட்டிக்கொண்டதில் 225 கோடி ரூபாய் நஷ்டம் என்று அந்தச் சாலையில் இருக்கிற கம்பெனிகளின் சங்கம் கர்நாடக முதல்வருக்குக் கடிதம் எழுதியது. எப்படிக் கணக்குப் போட்டார்கள் என்பது எனக்குப் பெரிதல்ல. சாலையில் போகிற மணி நேரத்துக்கும் ஒரு விலை உண்டு என்று கம்பெனிகளே எழுதிக் கையெழுத்துப் போட்டது அப்போதுதான். சென்னையில் எங்கள் வில்லிவாக்கம் அக்கா தினமும் நாலு மணி நேரம் போய் வந்தபோது அதற்கு யாரும் கடிதம் எழுதவில்லை.

டிரைவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2014-ல் சென்னையில் வண்டலூரிலிருந்து நெமிலிச்சேரி வரை வெளிவட்டச் சாலை திறந்ததும், என்னைக் கேட்காமலேயே ஆவடி வண்டிக்காரர் ரூட்டை மாற்றிவிட்டார். கேளம்பாக்கம் பக்கம் வந்து வண்டலூர் சாலையைப் பிடித்து, அங்கிருந்து ஒரே மிதி. தூரம் கூடுதல், நேரம் குறைவு. ஜி.பி.எஸ். கணக்கில் கிலோமீட்டர் ஏறிவிட்டது என்று வெண்டர் சண்டைக்கு வந்தார். அந்த ஒரு ரூட்டில் மட்டும் அடுத்த ஒரு வருஷம் யாரும் வேலையை விடவில்லை. இதை மெயிலில் போட்டேன். 'நன்றி, நல்ல அவதானிப்பு' என்று பதில் வந்தது, அத்தோடு சரி.

பிறகு கொரோனா, எல்லோரும் வீட்டிலிருந்து வேலை. செஸ்ஸில் புது யூனிட்டுகளுக்கு வரி விலக்கும் 2020-உடன் முடிந்தது. எங்களுக்கும் பத்து வருஷம் ஆகிவிட்டது. சிறுசேரியில் இருப்பதற்கு இருந்த காரணம் போய்விட்டது, குத்தகையும் முடிகிறது, வாரத்துக்கு மூன்று நாள் ஆபீஸ் என்றால் பாதி இடம் போதும். 2023-ல் ஒரு புது அதிகாரி வந்தார், நல்ல மனிதர். 'ஊழியர்களுக்கு வசதியான இடம்' என்று அவரே சொன்னார். மெட்ரோ பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார். கிண்டி என்று முடிவானது. எனக்குக் கிட்டத்தட்ட கண்ணீர் வந்துவிட்டது, பழைய டீக்கடை இருக்கிறதா என்றுகூடப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். (இருந்தது. அப்போது டீ பதினைந்து ரூபாய்.)

இந்த முறை பின்கோடு கேட்டார்கள். அவரே கேட்டார். ஹெச்.ஆரிடம் வாங்கி வரிசைப்படுத்தினேன். 600011 ஐந்து பேர். 600054 இரண்டு பேர். பட்டியலின் உச்சியில் 603103 இருந்தது, படூர், சிறுசேரி, கேளம்பாக்கம். பி.ஜி.யில் தங்கியிருந்த அந்தப் பிள்ளைகளில் நிலைத்து நின்றவர்கள் கல்யாணம் பண்ணி, ஆபீஸ் பக்கத்தில் இருக்கட்டும் என்று இருபது வருஷக் கடனில் அங்கேயே ஃபிளாட் வாங்கியிருந்தார்கள். இப்போதைய டீம் லீடர்கள் எல்லோரும் அவர்கள்தான். பிள்ளைகள் அங்கே ஸ்கூலில். ஓ.எம்.ஆரில் மெட்ரோவுக்காகச் சாலையை இரண்டு பக்கமும் அடைத்துத் தூண் எழுப்பிக்கொண்டிருந்தார்கள், மாதவரத்திலிருந்து சிறுசேரி வரைக்கும், நடுவில் பெரம்பூர் வழியாக.

அவரிடம் ஷீட்டைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "குத்தகையில் போன வாரமே கையெழுத்துப் போட்டாச்சே" என்றார். அப்புறம், கிண்டிக்குப் படூரிலிருந்து எத்தனை வண்டி வேண்டும் என்று கேட்டார். போய் ரோஸ்டர் போட உட்கார்ந்தேன். முதல் பிக்அப் 6.50.